என்ன காகிதம்

எந்திரத்துக்குக் கண் கிடையாது.
ரோலை மாட்டி மூடியைச் சாத்தியதும்
சின்னத் திரையில் ஒரே கேள்விதான்:
என்ன காகிதம்?

மார்த்தாண்டம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்
எந்த ஊரு, எந்தச் சபை என்பாரே, அதுபோல.
ஆனால் அவர் பாதிதான் நம்புவார்.
இது முழுசாக நம்பும்.

கான்வாஸ் என்றால்
தலையை ஒரு நூல் உயர்த்திக்கொண்டு மையை ஊற்றும்.
மினுங்கும் தாள் என்றால் மட்டுக் கறுப்பைக் கழுவித் தள்ளிவிட்டு
இன்னொரு கறுப்பை இழுக்கும்;
அந்த ஒரு கழுவலுக்குப் பென்சிகர் அண்ணன்
இரண்டு மீன்சாப்பாட்டுக் கணக்குச் சொல்வார்.
டிரேசிங் தாள் என்றால்
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி புகட்டுவதுபோல், சொட்டுச் சொட்டாக.

இடவப்பாதி மழையில்
தாளே தன் பெயரை மறந்துவிடும்.
ஓரங்கள் அனலில் வாட்டிய ஏத்தன் இலையாய்ச் சுருளும்,
தலை உரசி மாப்பிள்ளை மீசையில் ஒரு கீறல் விழும்.
ஈர விரலால் தொட்டுப் பார்ப்பேன்:
ஒட்டுகிற பக்கம்தான் முகம்.
பெட்டியின்மேல் எழுதியிருந்ததை நம்பி
ஒரு முழு ரோலைத் தொலைத்தவள் நான்.

அப்படியொரு மழையில் தூத்தூரிலிருந்து வந்தார் தார்சியுஸ்.
பென்டிரைவ் கழுத்தில் தொங்கியது,
உத்தரியத்தோடு சேர்த்துத் தங்கூசியில் கட்டி.
உள்ளே கடல்.
பதினொரு பார்; ஒவ்வொன்றும் எத்தனை பாகம்,
எங்கே வலை சிக்கும், எங்கே களவா கிடக்கும்.
"கேபினில ஒட்டணும். உப்புத்தண்ணி படும், டீசல் கை படும்.
வேற ஒருத்தரும் பாக்கப்பிடாது."

கிழியாத பிளாஸ்டிக் தாளை மாட்டினேன்.
திரை கேட்டது.
மேம்பாலத்தின் கீழே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.
காலையில் தந்த பதில், கான்வாஸ், அங்கேயே நின்றிருந்தது.
ஆமாம் என்று அழுத்திவிட்டேன்.

ஒரு துளியும் குடிக்காத தாளுக்குக்
குடிகாரனுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றியது எந்திரம்.
மூன்றாம் பார் நாலாவதை நோக்கி ஒழுகியது.
38 பாகம் என்பதில்
எட்டின் இரண்டு வயிறும் நிறைந்து அடைபட்டன.

சாயாக்காரப் பையன் கதவைத் தள்ளினான்.
தார்சியுஸ் பாய்ந்து, ஈரத் தாளை
மேசைக் கண்ணாடியில் குப்புறக் கவிழ்த்து
இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்,
பையன் கிளாசுகளை வைத்துவிட்டுப் போகும்வரை.

வகையை மாற்றி, மையைக் குறைத்து,
ஒவ்வொரு வரியும் காய நேரம் கொடுத்து மறுபடி அடித்தேன்.
பதினொன்றும் அதனதன் இடத்தில் நின்றன.
கெட்டதைக் கிழிக்கச் சொன்னார்.
கிழியாத தாளாயிற்றே,
கத்தரியால் விரற்கடை விரற்கடையாக நறுக்கினேன்;
சாரத்து மடியில் கட்டிக்கொண்டார்.
"எந்திரத்துக்கு ஓர்மை உண்டுமா?"
உண்டு என்றேன். திறந்து காட்டி, அவர் பார்க்கவே அழித்தேன்.

சாயங்காலம் கருங்கலுக்கு ஒரு கல்யாணப் படம்.
ரெஜினியும் மாப்பிள்ளையும், மூன்றடிக்கு நாலடி.
தாள் சரி, சொன்னதும் சரி, கறுப்பும் சரி,
பட்டின் சிவப்பு பார்த்தாலே சுடும்.
அந்த மேசையில் வைத்துத்தான் ஓரம் வெட்டினேன்.

புரட்டினால் முதுகில் கடல்.
கண்ணாடியில் இடவலம் மாறிப் பதிந்தது
தாளில் இன்னொரு தடவை மாறி
நேராகியிருந்தது.
வெளிறிய நீலம், பதினொரு பார்,
எண்ணெல்லாம் வாசிக்கலாம்.

பிரேம்காரன் மழைக்கோட்டோடு நின்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிளைவுட்டை வைத்து எட்டு ஆணி அடித்தான்.

ராத்திரி ஒன்பதரைக்குத் தார்சியுஸ் கூப்பிட்டார்.
"எல்லாம் மாய்ச்சாச்சில்லியா மக்களே?"

"எந்திரத்தில ஒண்ணும் இல்லண்ணா" என்றேன்.