நாலு விரல் சும்மா

ஸ்டியரிங்கை நாலு விரல் அகலம் திருப்பினால்தான்
சக்கரத்துக்குச் சேதி போகும்.
அதுவரை சும்மா.

இந்த ஆம்னியில்தான் ஓட்டப் பழகினேன்.
வேறு வண்டி தொட்டதில்லை.
எல்லா வண்டியும் இடது பக்கம் இழுக்கும்,
எல்லா டிரைவரும் வலது தோளில்
தைலம் தேய்த்துத்தான் படுப்பார்கள் என்றிருந்தேன்.
விற்றபோது கொழுந்தன் ரெக்ஸ் சொன்னதும் அதுதான்:
"வண்டி ஷோக்கா கீது அண்ணி,
உன் கைக்குத்தான் வலு பத்தல."

மூன்று வருஷம்.
காசிமேட்டில் ராத்திரி இரண்டு மணிக்குச்
சங்கராவும் கானாங்கெளுத்தியும் ஏற்றுவேன்.
தட்டிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர்
தகர ஓட்டை வழியே இறங்கி
எதன்மேல் சொட்டுகிறதென்று
யார் குனிந்து பார்த்தது?

டயர்க்காரர்தான் பார்த்தார்.
உள்விளிம்பு மொட்டை, வெளிவிளிம்பு புதுசு.
"இது டயர் வியாதி இல்லம்மா."

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜமீலின் ஷெட்.
கேட் மூடினால் லாரிகள் வாசலை அடைக்கும்,
உள்ளே பகல் இருட்டாகும்,
ரயில் போனதும் மறுபடி விடியும்.

முன்பக்கம் தூக்கிக் கட்டை கொடுத்தான்.
"மூணு மணில ஒரு கை, ஒம்போதுல ஒரு கை. ஆட்டுக்கா."
ஆட்டினேன்.
டொக்.
"பன்னெண்டுலயும் ஆறுலயும் வை."
சத்தமில்லை.
"பால் ஜாயின்ட் தப்பிச்சுது. டை ராடு எண்டுதான். ரெண்டும்."

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்றை விரித்தான்,
சிரித்த முகம் தரையைப் பார்க்க.
அதன்மேல் மல்லாந்து நானும் உள்ளே போனேன்.
ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில்
துரு, உப்பு,
ஒட்டிக்கொண்டு ஒரு மீன் செதில்.
"இத்த வெச்சிகினா எண்ணூர் ரோட்ல
கண்டெய்னர் பக்கத்துல போன?"

ஸ்பிளிட் பின் பாதியில் ஒடிந்தது.
நட்டைத் தளர்த்திவிட்டு ஜமீல் அடித்தது
மூட்டை அல்ல,
மூட்டைப் பிடித்திருந்த இரும்பை.
நாலாவது அடிக்கு அது தானாக விட்டது.

மரை கழற்றும்போது சுற்றை எண்ணச் சொன்னான்.
இடது பதினேழு.
வலது இருபத்திரண்டு.
எண்ணியது தப்போ என்று கேட்டேன்.
"உன் கணக்கு சரி. எவனோ கண்ணால பாத்து மாட்டிகீறான்."
ரெக்ஸ் பெயரை நான் சொல்லவில்லை.
கேட் மூடியது. இருட்டில்
ஸ்பேனர் எங்கே என்று இரண்டு பேரும் தடவினோம்.

ஒரிஜினல் ஜோடி ஆயிரத்துச் சொச்சம்,
டூப்ளிகேட் அதில் பாதி.
மீன் வாசமடிக்கும் நோட்டுகளை
இரண்டு தரம் எண்ணி ஒரிஜினல் வாங்கினேன்.
தண்டையார்பேட்டையில் அலைன்மென்ட்.

மறுநாள் ராத்திரி எஸ்.என். செட்டி தெரு.
விரல் அசைந்தது, வண்டி அசைந்தது.
பயந்துபோனேன்.
இவ்வளவு கிட்டத்திலா இருந்தது சக்கரம்!
எக்ஸ்பிரஸ் ரோடு ஏறியதும்
வண்டி நேராகத்தான் போனது,
நான்தான் வலது பக்கம் போனேன்.
டிரெய்லர்க்காரன் ஹாரனை அழுத்தி
என் வம்சத்தையே விசாரித்துக்கொண்டு போனான்.

ஓரங்கட்டி நிறுத்தி
இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தேன்.
வலு பத்தாத கை.
மூன்று வருஷமாக
ஒரு வண்டியைக் கடலுக்கு விடாமல்
இழுத்துப் பிடித்த கை.

இப்போது அதற்கு
சும்மா இருக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
சிக்னலில் கேட்கிறது, வேகத்தில் மறந்துவிடுகிறது.
கழற்றிய பழசில் ஒன்றை
டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன்.
பள்ளம் வந்தால்
டொக் என்கிறது.
தோள் உடனே திரும்பிப் பார்க்கிறது.