தொண்ணூறு விநாடி

வட்டத்துக்கு மூன்று.
சாய்ந்த கோட்டுக்கு ஏழு.
கவிழ்த்த கிண்ணத்துக்கு ஒன்று.
தாளின் மேல்வரியில் விடை எல்லாம் இருக்கிறது,
ஒளிவுமறைவு இல்லை.
கீழே கட்டம் கட்டமாய் வெறும் குறிகள்.
எதற்கு எந்த எண் என்று
வாயால் சொல்லிக்கொண்டே போகணும்.

சிரிப்புத்தான் வந்தது.
பதினாறு வருஷமாய் இதுதானே பிழைப்பு?
ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் மருந்துக்கடை.
டாக்டர் கிறுக்கிவிட்ட மண்புழு
காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என
எனக்கு மட்டும் நெளிந்து காட்டும்.

ஸ்டாப்வாட்ச்சை மேசைக்கு அடியில் பிடித்திருந்தாள் நஸ்ரின்.
அது அவள் காட்டும் மரியாதை.

போன வருஷம் ஐம்பத்து மூன்று.
இந்த வருஷம் நாற்பத்து நான்கு.

"ஒண்ணுகூடத் தப்பில்லக்கா.
நேரந்தான் எடுக்குது."

நேரந்தான்.
கால் மரத்துப்போனால் ஊருக்கே தெரியும்,
கைப்பிடிச் சுவரைத் தேடும்போது.
இது யாருக்குத் தெரியும்?
அட்டையைத் திருப்பி மூன்றாவது தடவை
மில்லிகிராம் பார்க்கிறேன்.
பார்க்கிறவர்கள், பொறுப்பான பொம்பளை என்கிறார்கள்.
ஐநூறில் முன்னூற்று எழுபத்திரண்டு போக எவ்வளவு என்று
நான் நிற்கிற நிற்பைப் பார்த்து
கடைப்பையன் கால்குலேட்டரை நகர்த்துகிறான்,
வேறெதையோ துடைக்கிற மாதிரி.

மறதி இருக்கா என்று கேட்டபோது
இல்லை என்றுதான் சொன்னேன்.
தூக்கம்? நன்றாக.
மனசு? அதற்கென்ன.
வாய் பொய் சொல்லும் என்று தெரிந்துதான்
வட்டத்தையும் கிண்ணத்தையும் வைத்திருக்கிறார்கள் போல.

பிறகு பன்னிரண்டு சொற்கள்,
ஏற்ற இறக்கமே இல்லாத குரலில்.
கதவு, மாடு, எலுமிச்சை, சட்டை...
பதினொன்று திரும்பி வந்தன.
ஒன்று வரவில்லை.
பள்ளிக்கூடம் விட்டும் ஒரு பிள்ளை மட்டும்
வந்து சேராத வீடு மாதிரி இருந்தது தலை.

வெளியே தங்கபூபதி, கையில் ஆறிப்போன டீ.
"பாஸா?"
"இது பரீட்சை இல்ல."
"அப்புறம் எதுக்கு மார்க்கு?"
பதில் இருந்தது. சொல்லச் சோர்வாயிருந்தது.
ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோடு
பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.
அடுத்த மாசம் மருந்தை மாற்றுவதா என்று பேசுவார்கள்.
பயிற்சி ஒன்று தருவாளாம்.
மருந்துச்சீட்டை வாய்விட்டுப் படியுங்கள்,
எடுத்ததும் ஒருதரம், கொடுக்கும்போது ஒருதரம்,
முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றாள்.
கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் செய்வேன்.

கோரிமேடு தாண்டி அடிவாரம்.
பஸ் உறுமி ஏறியது.
வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை.
எண்ணக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.
எண்ணினேன்.
பதினொன்று, பன்னிரண்டு,
எதிரே லாரி, பின்னால் எடுக்கிறார் டிரைவர்,
இப்போது போனது பதின்மூன்றா, பதினாலா?
"மலையில வேகமா போறவன் என்ன பெரிய ஆளா?"
என்றார் தங்கபூபதி, என் முகத்தைப் பார்த்துவிட்டு.
நல்ல மனுஷன்.
வரிசையில் எட்டுப் பேர் நிற்கும் சனிக்கிழமை
அவர் கடைக்குள் நின்றதில்லை.

பதினேழாம் வளைவில் ஒரு சில்வர் ஓக்.
மிளகுக்கொடி சுற்றிய மரம்.
அதில் சாய்த்து வைத்த ஒற்றை மூங்கில்.
கணுவுக்குக் கணு காலடி.

"ஏணி!" என்றேன், சத்தமாய்.

முன்சீட்டில் பலாப்பழத்தோடு இருந்த அம்மா
திடுக்கிட்டுத் திரும்பினாள்.
"எங்கம்மா?"
"ஒண்ணுமில்லீங்க. காலையில தொலைஞ்சது."

தங்கபூபதி சிரித்தார். நானும்.
அப்புறம்தான் உறைத்தது:
நினைவு வந்து சொன்னேனா,
கண்ணில் பட்டதால் சொன்னேனா?
நஸ்ரின் இதற்கு மார்க் போடுவாளா?

பலகை ஒன்று பனியில் கடந்துபோனது.
எத்தனையாவது என்று பார்க்கவில்லை.
ஏணி, ஏணி என்று
சொல்லிக்கொண்டே வந்தேன் கடை வாசல்வரை.