மாசானம் போடுதல்

முக்கூடல் பஸ் ஸ்டாண்டில்
என் அப்பா ஒரு வினைச்சொல்.

டீ குடித்துக் காசு கொடுக்காமல் நழுவினால்
"மாசானம் போட்டுட்டாம்ல" என்பார்கள்.
சீட்டுப் பணத்தோடு தலைமறைவானால்
பெரிய மாசானம்.
மொய் எழுதாமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்தால்
சின்னது, மன்னித்துவிடலாம்.
முழுப்பெயர் மாசானமுத்து.
முத்தைக் கடைக்காரர்களே வைத்துக்கொண்டார்கள்.

நான் வண்ணார்பேட்டையில்
துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில்
ராத்திரி வேலை பார்க்கிறேன்.
ஆஸ்திரேலியாவில் விடிந்ததும்
வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று கூப்பிடுவார்கள்.
பக்கத்து நாற்காலி ஷீலா ஜெபக்கனி, சமாதானபுரம்.
சேர்ந்த முதல் வாரம் ஒரு கிழவர்
"ஷீலாவா? நிஜமாவா?" என்று கேட்டு
இருமல் வரும்வரை சிரித்தாராம்.
அங்கே பழைய ஆட்கள் பேச்சில்
ஷீலா என்றால் யாரோ ஒரு பொம்பளை.
சபை ஐயர் தண்ணீர் தெளித்து
இவளுக்கென்று கூப்பிட்ட பெயர்
கடல் தாண்டினால் எல்லோருக்கும் பொது.

சிரித்துத் தொலைக்காமல் இருக்க
டீம் லீடர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்.
அமெரிக்காவில் ஜான் என்றால் கக்கூஸ்.
எங்கள் ஷிப்டில் மூன்று ஜான்.
கேரன், மேனேஜரைக் கூப்பிடு என்று மல்லுக்கு நிற்பவள்.
லண்டனில் வாலி என்றால் மடையன்;
சுக்ரீவன் கேட்டால் குளிர்ந்துபோவான்.

"முதல் ஜான் என்னதாம்ல பண்ணுனான்?"
ஷீலா ஒருநாள் கேட்டாள்.
தாளில் அது இல்லை.
"ஒண்ணும் பண்ணிருக்க மாட்டான், பாவம்.
பேரு கைக்கு வாட்டமா இருந்திருக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை.
முதல் மாசானத்தை எனக்குத் தெரியும்.
பீடிக்கடையில் கணக்கு.
கட்டுக்கு ஒரு பீடி குறைந்தால்
அன்றைக்குத் தூக்கம் கிடையாது அவருக்கு.
பாதி டீயில் யாரோ சைக்கிளில் வந்து
"வே, வீட்ல வலி கண்டுட்டு" என்றார்களாம்.
தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓட்டம்.
பிறந்தது நான்.
இது அம்மா சொல்வது.
வலியுமில்லை ஓட்டமுமில்லை,
சில்லறை இல்லாமல் மெல்ல நடந்துவிட்டான்
என்பாள் அத்தை.
அப்பாவைக் கேட்டால் "எந்த டீ?" என்பார்.
மறுநாள் காலையில் போய்
ஒன்றரை ரூபாயைக் கல்லாவில் வைத்தார்,
அதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.
மறுநாள் போய்க் கொடுப்பதற்கு
ஊரில் சொல் எதுவும் உண்டாகவில்லை.

அம்மா அந்த வார்த்தையைப் பேசுவதில்லை,
புருஷன் பெயர் ஆச்சே.
பால்காசு தராமல் எதிர்வீடு காலிபண்ணிப் போனபோது
வாசலில் நின்று கத்தினாள்:
"படுபாவி, அவுகளப் போட்டுட்டுப் போயிட்டானே!"
தெருவே கொஞ்சநேரம் குழம்பி நின்றது.

போன மாசம் பாபநாசம் பஸ்ஸில்
கடையத்துப் பையன் ஒருவன் போனில்,
"ஏல, ஜூஸ்கடையில மாசானம் போட்டுறாத,
ஜீபே பண்ணிரு" என்றான்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
'சா'வை நன்றாக நீட்டி
அழகாகச் சொன்னான், அதுதான் தோன்றியது.
முக்கூடலில் அவன் இறங்கக்கூட இல்லை.

நேற்று இன்சூரன்ஸ் பாரம் கொடுத்தார்கள்.
விடிகாலை, கீழே டீக்கடை.
என் தாளை எட்டிப் பார்த்தாள் ஷீலா.
தந்தை பெயர்.
கொஞ்சம் நிறுத்தி, "அந்த மாசானமா?" என்றாள்.

"யாரோ ஒரு மாசானம்."

சொன்ன பிறகு டீ இறங்கவில்லை.
அவள் பையைத் துழாவினாள், போனைத் தட்டிப் பார்த்தாள்,
சார்ஜ் இல்லை.
"எனக்கும் சேத்து நீயே குடுத்துரு,
நாளைக்குத் தாரேன்."

இன்றைக்குத் தந்தாள்.
பன்னிரண்டு ரூபாய், சில்லறையாக.