வாறன்

தவேந்திரன் மாமா கதிரையை விட்டு எழும்பி
"சரி, அப்ப நான் வாறன்" என்றார்.
வெளியே போனார்.
எனக்கு ஆறு வயது.
மொன்றியல், பார்க் எக்ஸ்ரென்சன், மூன்றாம் மாடி,
உள்பக்கமும் பனி பிடித்த யன்னல்.

நின்றேன்.
எண்பதாம் நம்பர் பஸ் பதினான்கு தரம் வந்தது.
ஒன்றிலிருந்தும் அவர் இறங்கவில்லை.
புட்டு ஆறியது.
நான் அழுதது பல்லுக்கொதி என்று முடிவாகி
மருந்து தந்து படுக்கவைத்தார்கள்.
இரண்டு கிழமை கழித்து மாமா வந்தபோது
"பதின்மூண்டு நாள் பிந்தி வாறியள்" என்றேன்.
வீடு சிரித்தது.
அவர் கிள்ளிய கன்னம்
படுக்கும்வரை எரிந்தது.

பிறகு விளக்கினார்கள்:
வாறன் என்றால் போறன்.
போறன் என்று சொல்லக் கூடாது,
சொன்னால் ஒரேயடியாய்ப் போவதாகிவிடும்.
செத்த வீட்டில் மட்டும்
ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும்.

அதன்பின் எனக்குச் செத்த வீடுகள் பிடிக்கத் தொடங்கின.
அங்கே ஒருவரும்
வருவதாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை.
மாலைகளின் மணம்தான் கொஞ்சம் சத்தம்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் தப்பலாம் என்று நினைத்தேன்.
அவர்களும் பிரியும்போது
மறுபடி பார்க்கும்வரை என்கிறார்கள்.
மதாம் லாக்ருவா யூன் மாதம் அதைச் சொன்னா.
செப்ரெம்பரில் அவவின் மேசையில் வேறொரு மதாம்.

"கண்ணைப் பார்த்துக் கதை."
கண் ஒரு சந்தை, அம்மா.
அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் விலை சொல்கிறார்கள்.
உங்கள் தோட்டைப் பார்த்தால்
நீங்கள் சொல்வது எனக்கு முழுக்கக் கேட்கும்.
சிவப்புக் கல் ஆறு, நடுவில் வெள்ளை,
சிவப்பில் ஒன்று மங்கல்.
அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டுதான்
அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டேன்.
நான் கவனிக்கவில்லை என்று
நீங்கள் இன்னும் கொஞ்சம் அழுதீர்கள்.

இருபத்தொன்பது வயதில் ஒரு வைத்தியரின் அறை.
மேலே ரியூப் லைற்
தேங்காய் துருவுவதுபோல் மண்டைக்குள் துருவியது.
சொல்வதா விடுவதா என்று இருபது நிமிடம்.
சொன்னேன்.
அவ எழும்பி விளக்கை அணைத்தா.
விளங்கியது.
அந்த அரையிருட்டில்தான் ஓட்டிசம் என்ற சொல்லை
முதன்முதல் என்னிடம் தந்தார்கள்.
போட்டுப் பார்த்தேன். அளவான சட்டை.
கழுத்தில் குத்தும் துண்டு இல்லை.

அம்மா சொன்னா: "உனக்கு ஒண்டுமில்லை."
சரி. அந்த ஒன்றுமில்லாததை
எவ்வளவு காலம் ஒளித்துக்கொண்டு திரிந்தேன்,
கண்ணாடியில் சிரிக்கப் பழகி,
கைகள் உதறாதபடி அவற்றின் மேலேயே குந்தி,
கலியாண வீட்டுக் குளியலறையைப் பூட்டிவிட்டு
சுவரின் ஓடுகளை எண்ணி.

நீலப் பாதை மெட்ரோ எனக்குப் பிடிக்கும்.
புறப்படும்போது மூன்று சுரம் விடும்,
எப்போதும் அதே மூன்று.
போகிறேன் என்று அர்த்தம். போய்விடும்.
தபால் பிரிக்கும் வேலை முடிந்து
பார்க் நிலையத்தில் இறங்கினாலும்
இன்னும் இரண்டு வண்டியை அனுப்பிவிட்டுத்தான் மேலே ஏறுவேன்.
கைகள் அங்கே தங்கள் பாட்டில் பறக்கும்.
ஒருநாள் அதைத் துக்கம் என்று நினைத்து
ஒரு மனிதர் தண்ணீர்ப் போத்தல் தந்தார்.
வாங்கிக் குடித்தேன்.
இது சந்தோஷம் என்று சொல்ல
அன்றைக்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.
தமிழும்.

போன சனிக்கிழமை
அம்மா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா.
வாய் திறந்தா. மூடினா.
கதவின் மரத்தை இரண்டு விரலால் தொட்டா,
எந்தச் சாமியிடமோ முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பதுபோல.
பிறகு, என் கண்ணை விட்டுவிட்டு
என் காதைப் பார்த்து
"போறன்" என்றா.
"புதன்கிழமை ஆறரைக்கு வருவன்.
பஸ் பிந்தினால் ஆறே முக்கால்."

முப்பத்தொன்பது படி. எண்ணினேன்.
கீழ்க் கதவு.
நான் யன்னலுக்குப் போகவில்லை.