துரும்பு

நியூ பிரன்சுவிக் குடும்பக் கோர்ட்டில்
மணிக்கணக்குக் கூலி எனக்கு.
அந்த வாயிலிருந்து எடுத்து
இந்தக் காதில் போட வேண்டும்.
கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது.

"ஸ்டிபுலேஷன்" என்றார் நீதிபதி.
நிபந்தனை என்றேன்.
ஒச்சம்மா நிமிர்ந்தாள்.
"யாரு போட்ட நிபந்தன?
நான் ஒண்ணும் போடலயே. அவரு போட்டாரா?"

மேசைக்கு அந்தப் பக்கம் தவசி
கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அவள் கேட்டது சரி.
நிபந்தனை ஒருவர் போட்டு
இன்னொருவர் தலையில் விழுவது.
ஒப்பந்தம் என்று மாற்றலாம்,
அதைப் பாலம் கட்டுகிறவர்கள் எடுக்கிறார்கள்.
உடன்படிக்கை என்றதுமே
"சண்டையே போடலயே சார், பேசாமத்தான இருந்தோம்" என்றாள்.

"சிக்கலா?" என்றார் நீதிபதி.
ஒரு நிமிடம், யுவர் ஆனர்.

மூன்று பக்கம்.
கிரைண்டர் அவளுக்கு, பழைய கேம்ரி அவனுக்கு.
பையன் புதன் சாயங்காலம், ஒன்றுவிட்ட சனி.
தீபாவளி இரட்டைப்படை வருசங்களில் தகப்பனோடு.
போன வாரமே இருவரும் தலையாட்டிவிட்டார்கள்.
இனி யாரும் சாட்சி சொல்ல வேண்டாம்,
எதையும் நிரூபிக்க வேண்டாம்.
அதுதான் அந்தச் சொல்.
அதற்கு ஒரே வார்த்தை என்னிடம் இல்லை.

"ரெண்டு பேரும் சரினுட்டீங்க,
இனி இதுல பேச்சு இல்ல. அதத்தான் கேக்குறாரு."

"துரும்பக் கிள்ளிப் போட்டாச்சுங்கிறீங்க.
அம்புட்டுத்தான?"

எதையும் விடக் கூடாது என்பது விதி.
துரும்பு கிள்ளியாயிற்று என்கிறார், என்று
ஆங்கிலத்தில் சொன்னேன்.
தட்டச்சு செய்த பெண் விரலை நிறுத்தினாள்:
"ஸ்ட்ரா? உறிஞ்சுகிற ஸ்ட்ராவா?"
வைக்கோல், என்றேன்.
பதிவேட்டில் வைக்கோல் ஏறியது.

பார்க்கிங் மாடியில், ஹீட்டர் சூடாகும் வரை
போனில் அகராதி பார்த்தேன்.
ரோமில் வாக்குக் கொடுத்தவர்கள்
ஒரு துரும்பை முறித்துக்கொள்வார்களாம்,
அதிலிருந்து வந்த சொல் என்று சிலர்.
இல்லவே இல்லை என்று சிலர்.
அவர்கள் கட்டுவதற்கு முறித்தார்கள்.
உசிலம்பட்டியில் அவிழ்ப்பதற்கு.
என்ன செய்ய,
துரும்புக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்.

எதிரே கேம்ரியின் மூடி திறந்திருந்தது.
பனிக்குப் பேட்டரி செத்துவிட்டது போல.
தன் வண்டியை மூக்கோடு மூக்காக நிறுத்தி
கேபிளோடு இறங்கினாள் ஒச்சம்மா.
கண்ணாடியை இறக்கினேன், பழக்கதோஷம்.

"செவப்ப எதுல மாட்டணும்?"

"மொதல்ல என்னோடதுல" என்றான்.