இரண்டாவது சாவி

பரமத்தி ரோட்டு ஆபீசில், என் மேஜையின் நடு இழுப்பறையில்
நூற்றுப் பதினெட்டு லாரிகளின் இரண்டாவது சாவி.
வண்டி அவரவர் பேரில்தான்.
ஆர்.சி. புத்தகத்தில் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்,
எங்கள் பைனான்ஸ் பேர்.
கடைசித் தவணை கட்டி எச்.பி. ரத்தாகும்வரை
அந்தச் சின்ன எழுத்துக்குத்தான் கை கால் உண்டு.
அந்தக் கையும் காலும் நான்.

போன ஐப்பசியில், சங்ககிரி தாண்டி, பங்க் ஓரம்,
ராத்திரி ரெண்டரை.
கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார் செங்கோட்டுவேலு.
"ஏனுங், ஒரு வாரம் பொறுக்கப்படாதுங்களா?"
பொறுத்ததில் நாலாவது வாரம் அது.
இறங்கினார். டார்ச் வெளிச்சத்தில் பட்டியல் எழுதினேன்:
ஸ்டவ் ஒன்று. தலையணை ஒன்று.
அர்த்தநாரீசுவரர் படம் ஒன்று, கண்ணாடி விரிசல்.
தண்ணீர் கேன். அரை மூட்டை சின்ன வெங்காயம்.
"வெங்காயத்த நீங்களே வெச்சுக்கங்க,
தூக்கிட்டு நடக்க முடியாதுங்க" என்றார்.
அப்புறம், "ஒருக்கா நானே ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கட்டுங்களா?"

வீட்டில் நானும் லாரி ஓட்டுகிறவன்.
திரையில்.
பனி கொட்டும் ஏதோ தேசம். பதினாறு சக்கரம்.
மரம் ஏற்றி மலை இறங்குவேன்.
தீபாவளித் தள்ளுபடியில் ஆயிரத்து எழுநூறு.
பச்சைப் பொத்தானில் ‘வாங்கு’ என்றிருந்தது.
வாங்கினேன்.
முந்நூற்றுப் பதினோரு மணி நேரம் ஓடியிருக்கிறது,
முகப்புக்கு மஞ்சள் நானே பூசியது.

மார்ச் கடைசி, வசூல் நெருக்கடியில், ஒரு மெயில்.
உரிம ஒப்பந்தம் முடிகிறதாம்,
முப்பத்தொன்றோடு விளையாட்டு நீக்கப்படுமாம்,
புரிதலுக்கு நன்றியாம்.
நாங்களே மூன்று நோட்டீஸ் விடுவோம்.
தொழில் பழக்கம், விதிமுறைகளைத் தேடிப் படித்தேன்.
நாற்பத்திரண்டாம் பத்தி. சின்ன எழுத்து.
விற்கவில்லை, உபயோகிக்க விட்டிருக்கிறோம்.
முழுப்பணம் கட்டியும் ரத்தாகாத எச்.பி.!
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பொத்தான் பொய் சொல்லவில்லை.
காய்கறியும் வாங்குகிறோம், கடனும் வாங்குகிறோம்,
அடியும், மேடேறினால் மூச்சும்கூட.
எது கையில் தங்கும் என்று
அந்தச் சொல் யாருக்கும் சத்தியம் செய்ததில்லை.

கடைசி ராத்திரி வண்டியை மலையடியில் ஓரங்கட்டி
எஞ்சினை அணைத்துக் காத்திருந்தேன்.
பன்னிரண்டு. ஒன்று. ஒன்றும் நடக்கவில்லை.
அவர்கள் ஊர் நள்ளிரவு நமக்கு மத்தியானம்.
நான் ஆபீசில் தயிர்சாதம் தின்னும்போது
எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.
பட்டியல் இல்லை. கையெழுத்து இல்லை.

முத்தழகு முட்டைக் கோடவுனில் கணக்கு எழுதுகிறவன்.
"நாந்தா அப்பவே சொன்னனல்ல,
டிஸ்க்கா வாங்கிப் போடுன்னு."
பீரோவில், பட்டா பத்திரத்துக்குப் பக்கத்தில்,
இருபத்தாறு டிஸ்க் வைத்திருக்கிறான்.
இரவல் கொடுத்துத் திரும்பாதவை ஒன்பது.
அதைப் பற்றி வருத்தமில்லை அவனுக்கு.
"தொலையறதா இருந்தா நம்ம கையால தொலையோணும்டா."
ரெண்டே நாள் கெடு. அட்டை கசங்கக்கூடாது.

சுழன்றது டிஸ்க்.
திருத்தம் எதுவும் சேராத முதல் பதிப்பு.
மூன்றாவது வளைவில் கொஞ்ச தூரம் ரோடே இல்லை,
சக்கரங்கள் வெறும் காற்றில் உருண்டன.
மஞ்சள் இல்லை. வெள்ளை வண்டி. பூஜ்யம் மணி.
இருந்தாலும் நெட் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு
விடியும்வரை இறங்கினேன், அதே மலை.

திங்கட்கிழமை. புது ஃபைல்.
திருச்செங்கோட்டு வண்டி, நாலு தவணை பாக்கி.
நடு இழுப்பறையைத் திறந்து சாவியைத் தேடும்போது
ஞாபகம் வந்தது:
முத்தழகிடம் டிஸ்க்கைக் கொடுக்க வேண்டும்.
இன்றோடு கெடு முடிகிறது.