ஸ்கூட்டர் எடுக்காத ஒன்பது நாள்

தொட்டிக் கறிவேப்பிலையில் காக்கா எச்சம் என்று
துடைக்கப் போன என் கையை
ஜெபா பிடித்துக்கொண்டாள்.
எச்சம் நடந்தது.

அஞ்சு இருந்தன.
பிரியாணி வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பா,
மூடியில் ஊசியைச் சுடவைத்துப் போட்ட ஓட்டைகள்.
எபி தன் பங்காக
பிஸ்கட்டில் ஒரு கடி கடித்து, மீதியை உள்ளே வைத்தான்.

ஒரு வாரத்தில் பச்சையாகிவிட்டன.
தொட்டால் தலையிலிருந்து செங்கொம்பு இரண்டு துருத்தும்,
அழுகின நாரத்தங்காய் வாடை.
இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தொட்டு
மாற்றி மாற்றி மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.
மே மாதம். சத்துவாச்சாரி முழுக்க ஃபேன் சத்தம்.
எங்கள் வீட்டில் கரண்ட் போனால்
இலை மெல்லும் சத்தம்.

தொட்டி மொட்டையானது.
நேதாஜி மார்க்கெட்டில் கத்திரிக்காயோடு
கொசுறாக விழுந்த கொத்தை
இரண்டு தரம் அலசி வைத்தேன்.
விடியும்போது நாலு
கறுத்துச் சுருண்டு கிடந்தன.

மருந்து அடிச்சிருப்பாங்க என்றேன்.
ஜெபா டப்பாவைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
"நேத்து ரசத்துல போட்டியேம்மா?"

நாளைக்கு அறுபது பேர் ரத்தம் எடுக்கிறவள் நான்.
சர்க்கரைக்கு ஒரு கட்டம், உப்புக்கு ஒரு கட்டம்,
கொழுப்புக்கு நாலு.
எந்த ஃபாரத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

ஐந்தாவது?
மூடி ராத்திரியே திறந்திருந்தது.
"அதுக்கு வேர்த்துச்சு" என்றான் எபி.

கட்டிலுக்கு அடியில், ஷூவுக்குள், அரிசி வாளிக்குப் பின்னால்.
மறுநாள் சாவி போடக் குனிந்தபோது
ஸ்கூட்டரில் பை மாட்டும் கொக்கிக்குக் கீழே,
இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல்,
கம்பத்தில் பெல்ட் போட்டுச் சாய்ந்து
வேலை பார்க்கும் லைன்மேன் மாதிரி.

ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்
பிளேடால் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடலாம் என்றார்.
முன் சக்கரத்துக்கு ஒரு பிள்ளை
பின் சக்கரத்துக்கு ஒரு பிள்ளை என்று
நின்றுகொண்டார்கள்.
அவர் தூங்கப் போய்விட்டார்.

அப்புறம் ஒன்பது நாள் பஸ்.
கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று நின்று
லேட் மார்க் மூன்று.
மகனின் வைத்தியத்துக்காக மால்டாவிலிருந்து வந்த ஒரு அம்மாள்
ஊசியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டே இருந்தாள்.
ஃபோனில் கொக்கிப் படத்தைக் காட்டி
விரல்களைச் சிறகாய் அடித்துக் காட்டினேன்.
"புரொஜாபதி?" என்றாள்.
நரம்பு கிடைத்தது.

வீட்டில் ஸ்கூட்டருக்கு ஈரச் சாக்கு போர்த்தி
பிள்ளைகள் காவல்.
நாற்பத்தொரு டிகிரியில்
சாக்கு பத்து நிமிடத்தில் அப்பளம்.
மறுபடி நனைப்பார்கள்.
தண்ணி லாரி வராத நாளிலும் நனைத்தார்கள்,
நான் திட்டினேன், அப்புறம்
துணி அலசின தண்ணியை எடுத்துக்கச் சொன்னேன்.

பத்தாம் நாள் காலை
கூடு கண்ணாடித்தாள் போல ஆகி
உள்ளே கறுப்பும் மஞ்சளும் தெரிந்தன.
மூவரும் தரையில் உட்கார்ந்தோம். ஏழு. ஏழரை.
எபிக்கு முட்டிக்கொண்டு வந்தது.
அடக்கினான். ஓடினான்.

டவுசரைப் பிடித்தபடி அவன் திரும்பி வந்தபோது
அது வெளியே தொங்கிக்கொண்டிருந்தது,
கசங்கின பஸ் டிக்கெட் போல.
"மறுபடி உள்ள போகச் சொல்லு!"
வீதியே கேட்கும்படி அழுதான்.
ஜெபா அவன் வாயைப் பொத்தினாள்.
ஃபுட்போர்டில் கலங்கலாய் ஒரு சொட்டு விழுந்தது.
என் கை தானாக ஸ்லைடைத் தேடியது.

சிறகு காய்ந்து கிளம்ப ஒரு மணி நேரம்.
அது போகவில்லை, எதிர் வீட்டு எலுமிச்சை வரைக்கும்தான்.
அந்த வீட்டுக்காரர் அதற்கு மருந்து அடிப்பாரா
என்று ஜெபா அப்போதே கேட்கப் போய்விட்டாள்,
காலில் செருப்பில்லாமல்.

எனக்கு ஒன்பது மணிக்கு லேப்.
செல்ஃப் எடுக்கவில்லை.
கொக்கியில் காலிக்கூடு ஆட ஆட
உதைத்தேன், உதைத்தேன்.